விளிச்சால் கேட்கும் தூரம்

“ஆறு வரிசை. வரிசைக்குப் பதினாறு வீடு. தொண்ணூத்தாறு. கணக்கு முடிஞ்சுது” என்று சொல்லி, தேவகுமார் வரைபடத்தைப் பங்கு மண்டபத்து மேசையில் விரித்தார். காற்றில் சுருண்ட மூலையின் மேல் மண்டபத்துப் பூட்டை எடுத்து வைத்தார்.

லிஜா குனிந்து பார்த்தாள்.

“சார், இது வீடா? தீப்பெட்டி அடுக்கி வச்ச மாதிரியில்லா இருக்கு!”

“மழைக்கு ஒழுகாத தீப்பெட்டி. அது போதாதா?”

“யாருக்கு எந்த வீடு?”

“குலுக்கல். ஞாயித்துக்கிழமை திருப்பலி முடிஞ்சதும் கோயில் முற்றத்துல சீட்டு எடுப்போம். யாருக்கும் மனக்குறை வராது.”

“வீட்டைக் குலுக்கல்ல எடுக்கலாம் சார். பக்கத்து வீட்டை எடுக்க முடியுமா?”

தேவகுமார் கண்ணாடியைத் துடைத்தார். தொண்டு நிறுவனத்தின் பொறியாளர் அவர், தக்கலைக்காரர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். சுனாமி வந்துபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது. புன்னைத்துறையின் தொண்ணூற்றாறு குடும்பங்களும் பள்ளிக்கூட மைதானத்தில் தகர ஷெட்டுகளில் வெந்துகொண்டிருந்தன. ஊருக்கு மேலே தென்னந்தோப்பில் நிலம் வாங்கியாயிற்று. இனி அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வேண்டியதுதான்.

லிஜாவும் அந்த ஷெட்டுக்காரிதான். மீன் விற்கும் இசபெல்லின் மகள். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலை படித்து, நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். நிறுவனத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அந்த அலுவலகம்தான்.

“ஒரு வாரம் தாங்க சார். அதே நிலம், அதே வீட்டு எண்ணிக்கை. ரோட்டு நீளமும் அதேதான். ஆனா யாருக்கு யார் பக்கத்துல வேணுமோ அவங்க பக்கத்துல இருப்பாங்க.”

“தொண்ணூத்தாறு வீட்டுக்காரனும் ஒத்துக்கிடுவானா? இந்த ஊர்லயா?” தேவகுமார் சிரித்தார். “செரி, கேட்டுக்கோ. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. தொண்ணூத்தாறு கையெழுத்து. ஒண்ணு குறைஞ்சாலும் ஞாயித்துக்கிழமை குலுக்கல். தீப்பெட்டிதான்.”

“ஒண்ணு கூடக் குறையாது சார்.”

வெளியே வந்ததும் லிஜா தொலைபேசிச் சாவடிக்கு ஓடினாள்.

“ஜெஸ்மி, நீ கேட்டியே, உனக்க கணக்கால நாலு பேருக்குப் பிரயோஜனம் உண்டான்னு. நாளைக்கே பெட்டியைக் கட்டிக்கிட்டு வா. கம்ப்யூட்டரையும் எடுத்துக்கோ.”

ஜெஸ்மி மார்த்தாண்டத்துப் பெண். சி.எஸ்.ஐ. குடும்பம். விடுதியில் லிஜாவின் அறைத்தோழியாக இருந்தவள், இப்போது ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறாள். அவளுக்குக் கடற்கரை புதிது. கணக்கில் மட்டும் எதுவும் புதிதில்லை.

“எத்தனை வீடு?”

“தொண்ணூத்தாறு.”

“தொண்ணூத்தாறு வீட்டைத் தொண்ணூத்தாறு மனையில மாத்தி மாத்தி வைக்க எத்தனை வழி உண்டு தெரியுமா? எழுதினா நூத்தி அம்பது இலக்கம் வரும்.”

“அதுல நல்லதா ஒரு வழி வேணும். சனிக்கிழமைக்குள்ள.”

“வருதேன்” என்றாள் ஜெஸ்மி. அவள் குரலே துள்ளியது.

ஜெஸ்மி வந்ததும் குடும்பத்துக்கொரு தாள் கொடுத்தார்கள். இரண்டே கேள்வி. வாசலில் நின்று விளித்தால் ஓடிவர வேண்டிய மூன்று வீடுகள் எவை? பக்கத்தில் வேண்டாம் என்று நினைக்கிற வீடு எது?

விளித்தால் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை ஜெஸ்மி சும்மா எழுதிக்கொள்ள மாட்டேன் என்றாள். கடற்கரையில் கயிறு பிடித்து அளந்தாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக நின்று விளித்தார்கள். எதிர்முனையில் கேட்டவர்கள் கையைத் தூக்கினார்கள். இசபெல் விளித்தபோது கயிறு போதவில்லை.

“அம்மா, சாதாரணமா விளி! மீன் விக்கதுக்கு விளிக்காதே!” என்று லிஜா கத்தினாள்.

“சாதாரணமாத்தான்டி விளிக்கேன்.”

கடைசியில் இருப்பதிலேயே மெல்லிய குரலை எடுத்துக்கொண்டு ஜெஸ்மி முடிவு கட்டினாள்: இருபத்தைந்து மீட்டர். நடுவில் சுவர் இருக்கக் கூடாது.

தாள்களைத் திரும்ப வாங்கப் போனபோதுதான் ஜெஸ்மி ஒரு விநோதத்தைப் பார்த்தாள். இசபெல் தன் ஷெட் வாசலில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

“சட்டியே, கொஞ்சம் மெல்லப் பேசு. பக்கத்துல ஒருத்தி காதைக் கூர்மையாக்கிக்கிட்டு இருக்கா.”

அடுத்த ஷெட்டிலிருந்து உடனே பதில் வந்தது, ஆனால் இசபெல்லுக்கு அல்ல. விக்டோரியா தன் கோழியிடம் சொன்னாள்:

“ஏ கோழி, கேட்டியா? காது எல்லாவளுக்கும் உண்டு. வாய்தான் சிலபேருக்கு ரெண்டு இருக்கு.”

ஜெஸ்மி திகைத்தாள். “மாமி, யாருகிட்ட பேசுதீங்க?”

“சட்டிகிட்ட.”

“அவங்க?”

“எவங்க? அங்கன ஆரும் இருக்காங்களா?”

லிஜா ஜெஸ்மியை இழுத்துக்கொண்டு போய் விளக்கினாள். “எனக்க புதுநன்மை அன்னைக்கு, முதல் தடவையா நற்கருணை வாங்குத நாளு, விக்டோரியா மாமிக்க ஆடு எனக்க உடுப்புல பாதியைத் தின்னுட்டு. கொடியில காயப் போட்டிருந்தது. நான் பழைய பாவாடையை உடுத்துக்கிட்டுத்தான் நன்மை வாங்கினேன். அதோட பேச்சு நிண்ணுது. பதினஞ்சு வருஷம்.”

“பதினஞ்சு வருஷமா பேசல்லியா? இப்போ பேசினாங்களே!”

“அது பேச்சில்ல. சட்டிகிட்டயும் கோழிகிட்டயும் சொல்லுதது.”

தாளில் இசபெல் இரண்டாம் கேள்விக்கு ‘விக்டோரியா’ என்று எழுதியிருந்தாள். விக்டோரியா ‘இசபெல்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தாள்.

“நல்லவேளை, ரெண்டு பேரும் ஒரே மனசா இருக்காங்க” என்று ஜெஸ்மி குறித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் பங்கு மண்டபத்தில் கூட்டம். ஜெஸ்மி லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். கறுப்புத் திரையில் ஒரே ஓர் எண் மட்டும் ஓடியது. ஒரு குடும்பம் கேட்ட வீடு விளிக்கும் தூரத்தில் இருந்தால் ஒரு மார்க். தொண்ணூற்றாறு குடும்பம், ஆளுக்கு மூன்று. முழு மார்க் இருநூற்று எண்பத்தெட்டு.

“குலுக்கல் போட்டா?” என்று கேட்டார் ஏசுஅடிமை. பங்குப் பேரவையின் துணைத்தலைவர். எதையும் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் நம்புவார்.

“ஆயிரம் தடவை குலுக்கிப் பாத்தேன் மாமா. சராசரி முப்பத்தொண்ணு.”

“முப்பத்தொண்ணா?”

“முப்பத்தொண்ணு.”

“அப்போ எங்களைப் பிச்சு எறியத்தான் குலுக்கலா?” கூட்டத்தில் சத்தம் எழுந்தது.

“இது என்ன செய்யும்?” என்று இசபெல் திரையைக் காட்டினாள்.

“ரெண்டு வீட்டை இடம் மாத்தும் மாமி. மார்க் கூடினா வச்சுக்கிடும். குறைஞ்சாலும் சிலநேரம் வச்சுக்கிடும்.”

“கெட்டதை எதுக்குட்டி வச்சுக்கிடுது?”

“எப்பவும் நல்லதை மட்டும் பிடிச்சுக்கிட்டு இருந்தா ஒரு சின்ன மேட்டுலயே நிண்ணுரும் மாமி. பெரிய மேட்டுக்குப் போவணும்னா கொஞ்சம் பள்ளத்துல இறங்கணும். அதனால முதல்ல நெறைய விட்டுக்கொடுக்கும். போகப்போகப் பிடிவாதம் பிடிக்கும். கடைசியில அசையவே அசையாது.”

“அப்படிச் சொல்லு! ஏசுஅடிமை அண்ணனுக்கு வயசான மாதிரி” என்றாள் விக்டோரியா, கூட்டத்தின் பின்னாலிருந்து. மண்டபம் குலுங்கியது. இசபெல் மட்டும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

எண் ஏறியது. நூறு. நூற்று நாற்பது. நூற்று அறுபத்து மூன்று. அங்கேயே நின்றுவிட்டது. ஜெஸ்மி மறுபடி ஓட்டினாள். நூற்று அறுபத்திரண்டு. மறுபடியும். நூற்று அறுபத்து மூன்று.

“இதுக்கு மேல போவாது லிஜா. ஆளை எப்படி மாத்தினாலும் போவாது.”

“ஏன்?”

“ஆளுங்க மேல தப்பில்ல. வரிசை மேலதான் தப்பு. பாரு, ஒவ்வொரு வீடும் முன்னால உள்ள வீட்டுக்க முதுகைப் பாத்துக்கிட்டு நிக்குது. சுவருதான் சத்தத்தைத் தின்னுது. நீ வரிசையை வளை.”

லிஜாவுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. இதைத்தானே முதல் நாளே கண்ணால் பார்த்துச் சொன்னாள்! இப்போது எண்ணே சொல்கிறது. பென்சிலை எடுத்தாள். எட்டு வீடுகளை வட்டமாக வைத்தாள்.

“நூத்தித் தொண்ணூறு!” என்றாள் ஜெஸ்மி.

“நிலம் பத்தாது. வட்டம் இடத்தைத் தின்னுது. இரு.” வட்டத்தை அழித்துச் சதுரமாக்கினாள்.

“இருநூத்தி நாலு.”

“காத்து வராது. நாலு பக்கமும் அடைச்சாச்சு. மேக்கேருந்து கச்சான் காத்து வீசும்போது உள்ள இருக்கவனுக்கு வேர்க்கும்.” மேற்குப் பக்கத்தைத் திறந்து லாட வடிவமாக்கினாள். எட்டு வாசலும் நடு முற்றத்தைப் பார்த்தன. மூலைகளில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஆள் போகிற இடைவெளி விட்டாள்.

“இருநூத்திப் பதினேழு! இடைவெளி வழியா அடுத்த முற்றத்துக்கும் சத்தம் போவுது. இன்னும் கொஞ்சம் திருப்பு.”

“எவ்வளவு?”

“நீ திருப்பு, நான் சொல்லுதேன்.”

ஒருத்தி வரைய, ஒருத்தி ஓட்ட, மத்தியானச் சோறு ஆறிக் கிடந்தது. பன்னிரண்டு லாடங்கள், எட்டெட்டு வீடுகள். ஒவ்வொரு லாடமும் கொஞ்சம் திரும்பி, அடுத்ததற்குத் தோள் கொடுத்து நின்றது. ரோடு அளந்து பார்த்தால் தேவகுமாரின் வரைபடத்தைவிட எட்டு மீட்டர் குறைவு. நாலரை மணிக்கு எண் இருநூற்று நாற்பத்தொன்றில் நின்றது.

“இருநூத்தி நாப்பத்தொண்ணு!” ஜெஸ்மி எழுந்து குதித்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது. “லிஜா, முப்பத்தொண்ணு எங்க, இது எங்க! இதை மனுசக் கையால போட முடியாது. கணக்கு மட்டும் வச்சும் போட முடியாது!”

வெள்ளிக்கிழமை ஊரே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது. அவரவர் பேரைத் தேடி, பக்கத்துப் பேரைப் பார்த்து, “ஏலே, நீ இங்கனயும் எனக்க உயிரை வாங்க வந்துட்டியா?” என்று கட்டிப் பிடித்தார்கள். ஏசுஅடிமை மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டுப் பெரிதாகக் கையெழுத்திட்டார். “நான் ஒருக்க போட்டா போட்டதுதான், கேட்டியா? மாத்துத வழக்கம் எனக்கு இல்ல.”

மாலையில் லிஜா எண்ணினாள். தொண்ணூற்று நான்கு.

விட்டுப்போன இரண்டு பேரைப் பார்த்ததும் அவளுக்குக் காது சுட்டது. இசபெல். விக்டோரியா.

“அம்மா, நீ ஏன் போடல்ல?”

“போடல்ல.”

“உனக்குப் பன்னெண்டாம் முற்றம். நீ கேட்ட மூணு வீடும் சுத்தியே இருக்கு. மூணுக்கு மூணு மார்க். ஊர்ல நாப்பது பேருக்கு இது கிடைக்கல்ல.”

“கிடைக்காதவளுக்குக் குடு.”

“விக்டோரியா மாமி ஒண்ணாம் முற்றத்துல. நூத்தித் தொண்ணூறு மீட்டர் தூரம். இனி உனக்கு அவங்க முகத்துல முழிக்க வேண்டாம். நீதானே எழுதிக் குடுத்த?”

“எழுதினேன். அதுக்கு?”

“அதுக்குத்தான் தூரமா வச்சிருக்கு!”

“எனக்கு உலை கொதிக்குது. போ.”

“அம்மா! உனக்க ஒரு கையெழுத்து இல்லன்னா நாளைக்கு எல்லாம் போச்சு. தொண்ணூத்தாறு வீட்டையும் குலுக்கிருவாங்க. உனக்க மகளே போட்ட படம்னு ஊருக்கே தெரியும். நான் எப்படி முகத்தைக் காட்டுவேன்?”

இசபெல் அடுப்பை ஊதினாள். கண் கலங்கியது புகையாலா என்று சொல்ல முடியவில்லை.

விக்டோரியாவிடம் போனால் அவள் கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டே, “கை வலிக்குது மக்கா, பேனா பிடிக்க முடியல்ல” என்றாள். அந்தக் கையால்தான் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு லிஜா பங்குத்தந்தையைப் பார்க்கப் போயிருந்தாள். மண்டபத்தில் ஜெஸ்மி தனியாக இருந்தாள். விக்டோரியா வாசலில் எட்டிப் பார்த்தாள்.

“ஏ மார்த்தாண்டத்துப் பிள்ளே, லிஜா இல்லியே?”

“இல்ல மாமி.”

“ஒரு காரியம் கேக்கட்டா? ஒண்ணாம் முற்றத்துல நிண்ணு சொன்னா பன்னெண்டாம் முற்றத்துல கேக்குமா?”

“கேக்காது மாமி.”

“கத்திச் சொன்னா?”

“கத்தினாலும் கேக்காது.”

“கோழிகிட்ட கத்திச் சொன்னா?”

ஜெஸ்மி சிரிப்பை அடக்கினாள். “கோழிகிட்ட சொன்னாலும் அதே தூரம்தான்.”

விக்டோரியா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அப்போ கட்டுமரம் வந்தா ஆரு சொல்லுவா?”

“யாருக்கு?”

“ஆருக்கோ. பழைய இடத்துல எனக்க வாசல்ல நிண்ணா கடல் தெரியும். அவளுக்க வாசல்ல தெரியாது. கட்டுமரம் கரையேறினா நான் கோழிகிட்ட சொல்லுவேன். ‘ஏ கோழி, சாளை மீனு வந்தாச்சு, இன்னும் கிடந்து உறங்குதியா?’ன்னு. அவ கூடையை எடுத்துக்கிட்டு ஓடுவா. பதினஞ்சு வருஷத்துல ஒருநாள்கூட அவ ஏலத்துக்குப் பிந்தினது இல்ல.”

ஜெஸ்மி பேனாவைக் கீழே வைத்தாள்.

“அன்னைக்கும் சொன்னேன்” என்றாள் விக்டோரியா. “கடல் தண்ணியை உள்ள வலிச்சு இழுத்துது. ஒருநாளும் பாக்காத பாறை எல்லாம் தெரிஞ்சுது. ‘ஏ கோழி, கடலுக்க போக்கு செரியில்ல, மேட்டுக்கு ஓடு’ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். கோழி ஓடல்ல.”

“அவங்க?”

“அவ ஓடினா.”

ஜெஸ்மி எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மாமி, அப்போ பேரைச் சொல்லியே விளிச்சிருக்கலாமே, அன்னைக்காவது?”

“எப்படி விளிக்க? பேச்சு இல்லியே!” விக்டோரியா நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். “இதை லிஜாகிட்ட சொல்லிராதே. செத்துருவேன்.”

அவள் போனதும் லிஜா மூச்சிரைக்க உள்ளே வந்தாள். “சாமியார் சொல்லியும் அம்மா மசியல்ல. ஆனா ஜெஸ்மி, ஒண்ணு பாத்தேன். இப்போ ஷெட்டு வழியா வருதேன், அம்மா சட்டிகிட்ட சொல்லுதா: ‘சட்டியே, பிரஷர் குளிகையை ரெண்டு நாளா முழுங்காம இருந்தா தலை சுத்தாம என்ன செய்யும்?’ன்னு. அம்மைக்குப் பிரஷரே கிடையாது. அடுத்த நிமிஷம் விக்டோரியா மாமிக்க ஷெட்டுல டம்ளர் சத்தம் கேக்குது!”

ஜெஸ்மி தலையில் அடித்துக்கொண்டாள். “தப்பு எனக்கது லிஜா. ‘வேண்டாம்’னு எழுதினதும் நான் என்ன செஞ்சேன்? எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லதுன்னு எழுதி வச்சேன். இவங்களுக்கு வேண்டாதது முகம். சத்தம் இல்ல.”

“முகம் பாக்கக் கூடாது, ஆனா கேக்கணும்.”

“அதேதான். வாசலுக்கு வாசல் பாக்கக் கூடாது. அடுக்களைக்கு அடுக்களை, நடுவுல சுவர் இல்லாம, இருபத்தஞ்சு மீட்டருக்குள்ள. இதை எழுத ரெண்டு வரி போதும்!”

“ஓட்டு!”

“ஓட்டுவேன். ஆனா தொண்ணூத்திநாலு பேரு பழைய படத்துக்கில்லா கையெழுத்துப் போட்டிருக்காங்க? அது ஓடினா எல்லாரையும் கலைச்சுரும்.”

லிஜா உட்கார்ந்துவிட்டாள். ஜெஸ்மி உட்காரவில்லை. அறைக்குள் இரண்டு நடை நடந்து திரும்பினாள். முகம் மலர்ந்தது.

“இனி மார்க் ஏற வேண்டாம். ஆளு நகரக் கூடாது, அவ்வளவுதான்! நகருத ஒவ்வொரு வீட்டுக்கும் மார்க்கை வெட்டு. பெருசா வெட்டு. எத்தனை குறைச்ச பேரை அசைச்சா இந்த ரெண்டு பேரும் பக்கத்துல வருவாங்கன்னு அதுவே தேடட்டும்.”

அவள் தட்ட ஆரம்பித்தபோது கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது. திரை மட்டும் எரிந்தது.

“பேட்டரி எவ்வளவு?”

“முப்பத்தெட்டு நிமிஷம். பேசாதே.”

முதல் ஓட்டம். முப்பத்தொரு வீடு நகர்ந்தது. லிஜா கையைப் பிசைந்தாள். இரண்டாவது ஓட்டம், பதினான்கு. ஜெஸ்மி ஏதோ ஓர் எண்ணை மாற்றினாள். ஏழு. பேட்டரி பதினெட்டு நிமிடம். பிடிவாதம் இன்னும் மெதுவாக ஏறும்படி விட்டாள். ஐந்து. ஒன்பது நிமிடம்.

“போதும் ஜெஸ்மி, அஞ்சு பேரைக் கேட்டுக்கிடலாம்.”

“இன்னும் ஒருக்க.”

எண் ஏறி, இறங்கி, தயங்கி, நின்றது.

“மூணு! லிஜா, மூணே வீடு! எழுது, எழுது, அணையப்போவுது! விக்டோரியா பதினொண்ணாம் முற்றம். அங்க உள்ள லிபின் நாலாம் முற்றம். அங்க உள்ள ஏசுஅடிமை ஒண்ணாம் முற்றம். உனக்க அம்மை அசைய வேண்டாம். அடுக்களைக்கு அடுக்களை இருபது மீட்டர்!”

லிஜா எழுதி முடிக்கத் திரை கறுத்தது.

லிபினின் ஷெட்டில் அவன் மனைவி சிந்தியாதான் இருந்தாள். வீடு இருவர் பேரிலும் வருவதால் யார் போட்டாலும் செல்லும்.

“நாலாம் முற்றமா? எங்களுக்கு மார்க் குறையுமா அக்கா?”

“ஒண்ணு குறையும். நீங்க கேட்ட டிஜோக்க வீடு மட்டும் தூரமாப் போவும்.”

“எந்த டிஜோ? இவரைக் கேரம் விளையாட விளிச்சுக்கிட்டுப் போறவரா?”

“அவருதான்.”

“கேக்குத தூரத்துல இருக்க மாட்டாரா?”

“மாட்டாரு.”

“பேனாவைத் தாங்க அக்கா. அவரு வரதுக்கு முன்ன பழைய கையெழுத்தை அடிச்சுட்டுப் புதுசு போட்டுத் தாறேன்.”

ஏசுஅடிமையிடம் அப்படி நடக்கவில்லை. “நான் ஒருக்க போட்டா போட்டதுதான்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க மாமா.”

“சொன்னேனா?”

“சொன்னீங்க. ஆனா பழைய இடத்துல உங்களுக்கு மூணுக்கு ரெண்டுதான். புது இடத்துல மூணும் உண்டு.”

“மூணாவது எது?”

“உங்க தங்கச்சி வீடு. எதிர் வாசல்.”

ஏசுஅடிமை கண்ணாடியைத் தேடினார். “எதிர் வாசலா?”

“எதிர் வாசல்.”

“இதை முதல்லயே சொல்லாண்டாமா? ஆனா கேட்டுக்கோ, நான் மாத்தல்ல. பழைய கையெழுத்து அப்படியே கிடக்கட்டும். பக்கத்துல ஒண்ணு கூடப் போடுதேன், அவ்வளவுதான்.”

ஐந்தரை மணிக்கு மண்டபத்தில் ஊர் கூடியிருந்தது. தேவகுமார் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். லிஜா புதிய வரைபடத்தை மேசையில் விரித்தாள். இசபெல் ஒரு பக்கமிருந்தும் விக்டோரியா மறுபக்கமிருந்தும் வந்து குனிந்தார்கள். ஒருத்தி தலை ஒருத்தி தலையில் முட்டிவிடும் போலிருந்தது; முட்டவில்லை.

இசபெல் பன்னிரண்டாம் முற்றத்தில் தன் பெயரைப் பார்த்தாள். விரல் இடைவெளி வழியாக நகர்ந்து, பதினொன்றாம் முற்றத்தின் முதுகுப்புற வீட்டில் நின்றது. நிமிர்ந்தாள்.

“இந்தப் பேரை இங்கன கொண்டு வச்சது ஆரு?”

லிஜா யோசித்தாள். விக்டோரியாவுக்காக என்று சொன்னால் விக்டோரியா போட மாட்டாள். அம்மாவுக்காக என்று சொன்னால் அம்மா போட மாட்டாள்.

“கம்ப்யூட்டர்” என்றாள்.

“கம்ப்யூட்டரா?”

“ஆமா. நாங்க ஒண்ணும் செய்யல்ல. அதுவே வச்சுது.”

ஜெஸ்மி வாயைத் திறந்தாள். லிஜா அவள் காலை மிதித்தாள்.

“புத்தி கெட்ட கம்ப்யூட்டர்!” என்றாள் இசபெல். “வேண்டாம்னு எழுதிக் குடுத்த பிறவு கொண்டு வந்து அடுக்களைக்குப் பின்னால வச்சிருக்கு! படிச்சவ எழுதின கணக்காட்டி இது?”

“நல்லாக் கேளு சாரே” என்று விக்டோரியா தேவகுமாரிடம் திரும்பினாள். “நான் ரெண்டு கோடு போட்டுக் குடுத்தேன். அந்தப் பெட்டிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?”

ஜெஸ்மிக்கு முகம் சிவந்தது. மூன்று நாள் உழைப்பு. முப்பத்தெட்டு நிமிட பேட்டரி. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தேவகுமார் இரக்கப்பட்டார். “இதுக்குப் போய் எதுக்கு வருத்தப்படுதீங்க? கம்ப்யூட்டர்தானே, தப்புச் செய்யும். ரெண்டு பேருக்கும் பிடிக்கல்லன்னா நானே மாத்தித் தாறேன். இவங்களை அந்தக் கோடிக்குப் போட்டா முடிஞ்சுது.” சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து விக்டோரியாவின் பெயர்மேல் வைத்தார்.

“வேண்டாம்!”

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. அளந்து பார்த்தால் கடற்கரையின் எந்தக் கயிறும் போதாது. தேவகுமாரின் பென்சில் கீழே விழுந்து உருண்டது.

அந்த ஒற்றைச் சொல்லில் இருவரும் திடுக்கிட்டுப் போனார்கள். பிறகு இசபெல் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“பிள்ளைங்க கஷ்டப்பட்டு வரைஞ்ச படம். அதுல பென்சிலால கிறுக்கினா பாக்க நல்லாவா இருக்கும்?”

“அதுவும் செரிதான்” என்றாள் விக்டோரியா, சுவரைப் பார்த்து. “இனி எங்க போய் மாத்த? நேரமும் ஆச்சு.”

இசபெல் பேனாவை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதி முடித்ததும் பேனாவை யாரிடமும் நீட்டவில்லை. மேசையின் மேல், விக்டோரியாவின் கை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு இரண்டடி நகர்ந்து நின்றாள். விக்டோரியா எடுத்துக் கையெழுத்திட்டாள். கை வலித்ததாகத் தெரியவில்லை.

தேவகுமார் விரலில் எச்சில் தொட்டு எண்ணத் தொடங்கினார். ஊரே அவரோடு சேர்ந்து எண்ணியது. எண்பதுக்கு மேல் சத்தம் கூடியது. தொண்ணூறைத் தாண்டியபோது ஜெஸ்மி லிஜாவின் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

“தொண்ணூத்தஞ்சு... தொண்ணூத்தாறு.” பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “தொண்ணூத்தேழு? ஏசுஅடிமைன்னு ரெண்டு இருக்கே?”

“கூடினா தப்பா?” என்றார் ஏசுஅடிமை.

தேவகுமார் சிரித்துவிட்டார். தீப்பெட்டி வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். லாடங்கள் நிறைந்த படத்தை எடுத்து, கீழே தேதி போட்டு, தன் கையெழுத்தையும் இட்டார்.

அவர் பேனாவை மூடுவதற்குள் இசபெல் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“செரி சாரே. வானம் எப்ப தோண்டுதீரு?”

“திங்கள்கிழமை.”

“எந்த முற்றத்துல தொடங்குவீரு?”

“ஒண்ணாம் முற்றத்துலதான்.”

“அது எதுக்கு? பதினொண்ணும் பன்னெண்டும் ரோட்டுப் பக்கம்தானே கிடக்கு. லாரி வர லேசு. அங்கன தொடங்கும்” என்றாள் இசபெல்.

“அதையும் கம்ப்யூட்டர்கிட்ட கேட்டுச் சொல்லட்டா மாமி?” என்றாள் ஜெஸ்மி.

“போடி” என்றாள் இசபெல். “அதுக்கு என்ன தெரியும்?”